பால் ஆகாத பிள்ளைகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவளுடைய வேலை. முன்னால் விற்பனைப் பெண்கள் சிரித்துப் பேசி ஒரு பிரேமைத் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தப் பிரேமுக்குள் லென்ஸை உட்காரவைக்கிற பாடு பின்னறைக்கு. இம்மி கூடினால் பிரேம் விரிசல் விடும், இம்மி குறைந்தால் லென்ஸ் வாடிக்கையாளரின் சாப்பாட்டுத் தட்டில் விழும். சுழலும் சக்கரம், அதன்மேல் சொட்டும் தண்ணீர், விரல் நுனியில் காயவே காயாத வெள்ளைக் குழம்பு, இவற்றோடு பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். அறுபதைத் தாண்டிய முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. "எங்க லென்ஸ் அக்கா கைபட்டா கழுதை மூக்குலகூடக் கண்ணாடி நிக்கும்" என்று முதலாளி பெருமையடிப்பார். எதிரில் மூக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது அவ்வளவாக ரசிக்காது.

சிரிப்பாள், வேலையில் சுணங்க மாட்டாள், யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டாள். ஒரே ஒரு விஷயம். கடைப் பெண்களில் யாராவது பிள்ளை பெற்றுத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினால், சரியாக அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கழிவறையில் ஏதாவது வேலை வந்துவிடும். குழந்தை போன பிறகுதான் வெளியே வருவாள். ஏன் என்று முதலாளிக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்டால், "விடுங்க" என்று பேச்சை மாற்றுவார்.

அவள் இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றவள்.

இருபத்து மூன்று வயதில் கல்யாணம். மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தூரத்துச் சொந்தம், நாலு தலைமுறைக்கு முன்னால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மூதாதை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கெட்டவர் இல்லை. கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில், பிரேக்கில் ஒரு காலை வைத்தபடியே உட்கார்ந்து பழகியவர் என்பதால், கோபப்பட்டால்கூட நிதானமாகத்தான் கோபப்படுவார். வீட்டில் அவருடைய தங்கை ஒருத்தி, பதினெட்டு வயது, வாய்த்துடுக்கு. "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே வால்பிடித்துக்கொண்டு திரிவாள்.

முதல் பெண் பிறக்கும்போது மூன்று கிலோவுக்கு மேல். வாய் வைத்த உடனே பாய்ந்து பாய்ந்து குடித்தது. மூன்றாம் நாள் வயிறு பந்துபோல ஊதியது. நாலாம் நாளிலிருந்து துணியெல்லாம் ஈரம். நிறமில்லை, நாற்றமில்லை, வெறும் தண்ணீர். "மூத்திரம் நல்லாப் போகுது, நல்ல விஷயம்தானே" என்றார்கள். குழந்தை பாலைக் குடிக்கக் குடிக்க வற்றியது. உச்சிக்குழி உள்ளே இறங்கியது. பத்தொன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. கிருமித் தொற்று என்று சீட்டில் எழுதினார்கள். பெயர் வைப்பதைப் பற்றி அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்தவள். அதே வயிறு, அதே ஈரம். இந்தத் தடவை லென்ஸ் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மட்டும் மருந்துநீர் ஏற்றி, வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்த இரண்டு நாளும் துணி காய்ந்து கிடந்தது. குழந்தை கண் திறந்து பார்த்தது. சரியாகிவிட்டது என்று உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் ஆறாக ஓடியது. பால் கொடுத்தால் இன்னும் மோசம். டின் பாலுக்கு மாற்றினார்கள், அதுவும் அப்படியே.

"சார், சர்க்கரைத் தண்ணி குடுத்தாத்தான் கூடுது" என்று அவள் டாக்டரிடம் சொன்னாள்.

"அம்மா, அந்தத் தண்ணிதான் உலகம் பூரா குழந்தைங்களைக் காப்பாத்துது. நீங்க கரெக்டாக் கொடுக்கறதில்ல. ஒழுங்காக் குடுங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். மற்றப் பாதியை அந்தக் கூடத்தில் யாரும் யோசிக்கவில்லை.

ஒழுங்காகக் கொடுத்தாள். நாற்பத்தொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, அவள் கையிலிருந்த கரண்டியில் பாதித் தண்ணீர் மீதமிருக்கும்போது, குழந்தை போய்விட்டது.

பார்க்க வந்தவர்களிடம் வராந்தாவில் நின்றுகொண்டு நாத்தனார் சொன்னது சுவர் தாண்டி அவள் காதில் விழுந்தது. "டாக்டர் என்ன சொன்னா என்ன, எங்க அண்ணி பாலே புள்ளைக்கு ஆகல. அது பாலா, விஷமான்னு தெரியல." இருபத்தொரு வயதுப் பெண், துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஒரு வாரத்தில் சொந்தக்காரர்கள் மொத்தப் பேருக்கும் அது தெரிந்த செய்தியாகிவிட்டது.

கணவர் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு ஒருநாள் காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலே சொன்னார். "எனக்கு ஒரு குழந்தை வேணும். வேற ஒண்ணும் உன்மேல குறை இல்ல."

"அப்ப நான் இறங்கிக்கறேன்" என்றாள் அவள். இறங்கிக்கொண்டாள்.

அவர் மறுமணம் செய்துகொண்டார். இரண்டு பையன்கள் பிறந்தார்கள், இரண்டும் குண்டுக் குண்டாக. அதோடு தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்தியாயிற்று. பழுது இருந்தது இவளிடம்தான். அவளும் அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. குளிக்கும்போது மார்பில் சோப்புப் போட்டாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் போடுவாள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது. அவளுடைய தம்பி, லிப்ட் பழுதுபார்க்கிறவன், அக்காவைப் பார்க்கப் போகிற சாக்கில் அந்த நாத்தனாரிடம் மனதைப் பறிகொடுத்திருந்தான். அக்கா வெளியேறிய வீட்டுப் பெண்ணையே கட்டுவேன் என்று நின்றான். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். அக்காவிடம் வந்து கேட்டான்.

"உன் இஷ்டம்டா" என்றாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு அவன் முகத்திலும் விழிக்கவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. அவன் போன் செய்தால் எடுக்க மாட்டாள், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருஷத்தில் அவனும் அலுத்துப்போனான். தம்பி பெண்டாட்டிக்குக் கரு தங்கவில்லை என்றும், கடைசியாக இப்போது பெண் பிறந்திருக்கிறது என்றும் மூன்றாம் மனிதர் வாயால்தான் கேள்விப்பட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி பின்னறை வாசலில் வந்து நின்றான். இடுப்பில் கருவிப் பை, சட்டையெல்லாம் கிரீஸ் கறை. வேலை நடுவில் எழுந்து வந்திருக்கிறான்.

"அக்கா" என்றான்.

சக்கரத்தில் ஒரு லென்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. "சொல்லு."

"பாப்பாவுக்குப் பன்னெண்டு நாள். எடை இறங்குது. வயிறு ஊதியிருக்கு. என்னன்னே தெரியலங்கறாங்க."

லென்ஸ் விரலிலிருந்து நழுவி, சக்கரத்தில் பட்டுச் சிதறியது. அந்தக் கடையில் அவள் உடைத்த முதல் லென்ஸ் அதுதான். கையைக் கழுவிக்கொண்டு, துடைக்கக்கூடச் செய்யாமல் அவனோடு நடந்தாள்.

குழந்தைகள் பிரிவு இரண்டாம் மாடியில். தம்பி லிப்டுக்கு நிற்காமல் படியில் ஏறினான். ஜன்னலோரக் கட்டிலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷத்தில் கன்னம் ஒட்டியிருந்தது, துடுக்கெல்லாம் எங்கேயோ போயிருந்தது. உள்ளே வந்தவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது வெறுப்பு இல்லை, பயம். இரண்டு சாவைப் பார்த்த ஆள் மூன்றாவதைப் பார்க்க வந்து நிற்கிறாளே என்ற பயம்.

"நான் தொடல. துணியை மட்டும் காட்டு" என்றாள் லென்ஸ் அக்கா.

நர்ஸ் குறுக்கே வந்தாள். "யூரின் நல்லாத்தாங்க போகுது. அதுல பிரச்சினை இல்ல."

துணி சொதசொதவென்று நனைந்திருந்தது. நிறமில்லாத ஈரம். ஆனால் குழந்தையின் பின்புறம் வெந்துபோனதுபோலச் சிவந்து தோலுரிந்து கிடந்தது.

"சிஸ்டர், இது மூத்திரம் இல்ல."

"தண்ணி மாதிரி இருக்கேம்மா."

"தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா வயித்தால போறது இது. மூத்திரம்னா தோல் இப்படி வேகாது. முன்னாடி ஒரு பை ஒட்டிப் பாருங்க. நான் சொல்றது தப்புன்னா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க."

நர்ஸுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. அந்த ரோஷத்திலேயே சிறுநீர் சேகரிக்கிற சின்னப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து ஒட்டினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. துணியை மூன்று தடவை மாற்றினார்கள். பையின் அடியில் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம். நர்ஸ் பையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

குடல் டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் லென்ஸ் அக்காவை உட்காரச் சொன்னார். பதினாலு வருஷத்துக்கு முந்தியதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். எந்த நாள், எது கொடுத்தபோது, எவ்வளவு நேரத்தில். யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு ஒவ்வொரு துணியும் ஞாபகத்தில் இருந்தது.

"வாய்க்கு எதுவும் குடுக்காம வெச்சப்போ நின்னுச்சு. அது உங்களுக்கு நிச்சயமா?"

"நிச்சயம். ரெண்டு நாள். அப்புறம் உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்தேன், மறுபடி ஆரம்பிச்சுது. அவங்க குடுக்கச் சொன்னாங்க."

"மத்தக் குழந்தைங்களுக்கு அதுதான் மருந்து. லட்சத்துல ஒரு குழந்தைக்கு அப்படி இல்ல" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். "உங்களுக்கும் அவருக்கும், உங்க தம்பிக்கும் இவங்களுக்கும், ஏதாவது சொந்தம் உண்டா?"

"தூரத்துச் சொந்தம்."

டாக்டர் ஒரு தாளை எடுத்து, பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று இரண்டு குடும்பத்தின் வம்ச மரத்தை வரைந்தார். இறந்துபோன இரண்டு பெண்களுக்கான வட்டங்களைக் கறுப்பாக்கி, அவற்றின் குறுக்கே கோடு போட்டார். லென்ஸ் அக்கா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே பாலை நிறுத்தினார்கள். அடுத்த நாள் துணி காய்ந்தது. ஒரு சோதனைக்காகச் சில சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், உடனே ஓடியது. பிறகு பழத்தில் இருக்கிற வேறொரு சர்க்கரை கலந்த, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற தனி மாவு வந்தது. எல்லோரும் துணியைச் சுற்றி நின்றார்கள், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப்போல. ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம். காய்ந்தே இருந்தது. தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

நாத்தனாருக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்க வாய் இல்லாத பால், மார்பைக் கல்லாக்கிக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. பிரிவின் கோடியில் இருந்த குளியலறையில் நின்று, கழுவுத் தொட்டியில் பீய்ச்சப் பார்த்தாள். வலி தாங்கவில்லை. லென்ஸ் அக்கா வெந்நீரில் துண்டைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தாள். ஒற்றடம் கொடுத்தாள். எப்படி அழுத்தினால் வலிக்காமல் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை அவள் தனியாகச் செய்த வேலை அது.

வெள்ளையாகத் தொட்டியில் ஓடி, ஓட்டைக்குள் இறங்கியது.

"அண்ணி" என்றாள் நாத்தனார், குழாயைப் பார்த்தபடி. "அன்னிக்கு வராந்தாவில நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேக்கலன்னே நெனச்சிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

"குனி. இந்தப் பக்கம் இன்னும் இருக்கு."

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று லென்ஸ் அக்காவுக்கே தெரியாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. டாக்டர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "எல்லாருக்கும் ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. பால், சோறு, சர்க்கரைத் தண்ணி எல்லாத்துலயும் இருக்கற சர்க்கரையைக் குடல்லேருந்து ரத்தத்துக்குள்ள விடற வாசல் ஒண்ணு உண்டு. அந்த வாசலைச் செய்யற குறிப்புல ஒரு எழுத்துப் பிழை. ஒரு பிரதி பிழையா இருந்தா இன்னொண்ணு சமாளிச்சுடும், ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பக்கமும் பிழையா வந்துட்டா வாசலே கிடையாது. பழச்சர்க்கரைக்கு மட்டும் வேற வாசல். உள்ள போகாத சர்க்கரை உடம்புத் தண்ணியெல்லாம் குடலுக்கு இழுத்துடும். உங்க தம்பிகிட்ட ஒரு பிழை, இவங்ககிட்ட ஒரு பிழை. உங்ககிட்டயும் உங்க முன்னாள் வீட்டுக்காரர்கிட்டயும் அதேதான் இருந்திருக்கணும்."

"அவருக்கு ரெண்டு பசங்க நல்லா இருக்காங்களே."

"அந்த அம்மாகிட்ட ரெண்டு பிரதியும் சரியா இருக்கும். அதனால. பழின்னு பாத்தா ரெண்டு பேருக்கும் சரிபாதி. உண்மையில பழியே இல்ல."

தம்பியும் நாத்தனாரும் குழந்தையிடம் போனார்கள். லென்ஸ் அக்கா எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நான் பால் குடுக்காம இருந்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். பொய் சொல்ல வசதியான கேள்விதான். அவர் சொல்லவில்லை. "பொழைச்சிருக்கலாம். இந்த மாவும் இருந்திருந்தா. ஆனா யார் பாலா இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். உங்க பால்ல ஒரு குறையும் இல்ல."

"குறை இல்லாத பாலைத்தான் குடுத்தேன்" என்றாள் அவள். "அதுதான் வாரிட்டுப் போச்சு."

இத்தனை வருஷம் சுமந்த பழி அன்றைக்கு இறங்கியது. இறங்கிய இடத்தில் அதைவிடப் பாரமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. விஷம் என்று சொன்னவர்களை மனதுக்குள்ளாவது திட்டலாம். அந்தக் கரண்டி யார் கையில் இருந்தது என்பதை என்ன செய்ய முடியும்? ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. முதலாளி வீட்டுக்கே வந்து, வாசலில் நின்று, "கழுதைங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அடுத்த நாள் போனாள்.

தங்கை சொல்லி டிரைவிங் ஸ்கூல்காரருக்கும் விஷயம் போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு நின்றார். தலை நரைத்திருந்தது.

"டாக்டர் சொல்றதெல்லாம் அப்படியே எடுத்துக்க முடியுமா?" என்று ஆரம்பித்தார்.

"எடுத்துக்கலாம்."

"அப்ப என்னாலயுமா?"

"உங்களாலயும்தான்." பழைய பழக்கத்தில் மரியாதை வந்துவிட்டது.

அவர் வெகுநேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். ஏதோ ஒரு வார்த்தை வரும் என்று நிஜமாகவே காத்திருந்தாள். "பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு ஆகாது. ஆனா அந்தப் பிழை அவங்ககிட்டயும் இருக்கலாம். சொந்தத்துல பொண்ணு எடுக்கறதா இருந்தா முன்னாடியே ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார்.

தம்பி மகளுக்கு இப்போது நாலு வயது. பால் கிடையாது, சோறு கிடையாது, மிட்டாய் கிடையவே கிடையாது. முட்டை, இறைச்சி, டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு சில கீரைகள், பழச்சர்க்கரை கலந்த மாவு. குச்சிபோல இருக்கிறாள், வாய் மட்டும் அம்மாவுடையது. அத்தையைக் கண்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். லென்ஸ் அக்கா அவள் தலையில் கை வைப்பாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள அவளால் இன்னும் முடியவில்லை. பிஞ்சு எடை கையில் ஏறியதும் உடம்பு விறைத்துக்கொள்கிறது. நாத்தனார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள்.

போன வருஷம் குடல் டாக்டர் கடைக்குப் போன் செய்தார். ஒன்றரை மாதக் குழந்தை, அதே மாதிரித் தண்ணீராகப் போகிறது, அந்தத் தாய் யார் சொல்வதையும் கேட்கிற நிலையில் இல்லை, ஒருமுறை வந்து பேச முடியுமா என்றார். லென்ஸ் அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனாள். மனதில் ஒரு நம்பிக்கை இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். துணியைப் பார்த்தாள். வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் மூன்று நாள் ஆகியும் நிற்கவில்லை என்றார்கள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது அது இல்லை. டாக்டரும் பிறகு அதையே சொன்னார், பிழை வேறொரு இடத்தில்; வாசல் மட்டுமல்ல, குடலின் உட்சுவரே சரியாக உருவாகவில்லை. எந்தச் சர்க்கரையை மாற்றினாலும் அடங்காது.

அதற்குப் பிறகு பதினோரு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தாய் குளிக்கப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், துணி மாற்றினாள், குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். குழந்தை இறந்த அன்று கடையில் அவசர வேலை. அவளுக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்தது. போனபோது கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். நர்ஸ் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல், பஸ் ஏறித் தம்பி மகளிடம் போனாள்.